பி.எஸ்.எம். சீபெக் நுண்ஊசிக் கருவி: ஒரு பயனாளர் மதிப்புரை

வெப்பநிலை வேறுபாட்டை மின்சாரமாக்கும் வெப்பமின் பொருள்களைத் தயாரிக்கும் ஆய்வகங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான சங்கடம் ஒன்று உண்டு. குவார்ட்ஸ் குழாயில் உருக்கி உறைய வைத்த கட்டியின் ஒரு முனையில் அறுத்த துண்டை அளந்தால் சீபெக் கெழு ஒரு மதிப்பாக வருகிறது. மறுமுனையில் அறுத்ததை அளந்தால் வேறொன்றாக வருகிறது. இரண்டில் எதைக் கட்டுரையில் எழுதுவது என்ற கேள்விக்கு, பெரியதாக இருப்பதை எழுதுவது என்ற பதிலைத்தான் பலரும் நடைமுறையில் கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். அந்தக் கட்டிக்குள் எங்கே என்ன மதிப்பு இருக்கிறது என்பதைப் புள்ளி புள்ளியாகத் தொட்டுப் படம் வரைந்து தரும் கருவி ஒன்று கைக்கு எட்டும்போது இந்தச் சங்கடம் பெருமளவு தீர்கிறது. ஜெர்மனியின் கொலோன் நகரில் இயங்கும் தேசிய விண்வெளி மையமான டி.எல்.ஆர்., தன் வெப்பமின் ஆய்வுக்காக வளர்த்தெடுத்து, கோப்லென்ஸ் நகருக்கு அருகிலுள்ள பான்கோ என்ற சிறு நிறுவனம் கருவியாக்கி விற்கும் ‘பொட்டன்ஷியல் சீபெக் மைக்ரோபுரோப்’, சுருக்கமாக பி.எஸ்.எம்., அத்தகையது. அதைப் பற்றியே இந்த மதிப்புரை.

முதலில், இடத்துக்கு இடம் அளக்க வேண்டிய பல குணங்கள் இருக்கச் சீபெக் கெழுவை மட்டும் ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு கெல்வின் வெப்பநிலை வேறுபாட்டுக்கு எத்தனை மைக்ரோவோல்ட் மின்னழுத்தம் எழுகிறது என்பதே சீபெக் கெழு; அறை வெப்பநிலையில் நல்ல பிஸ்மத் டெல்லுரைடுக்கு அது ஏறத்தாழ 200. இந்த மதிப்பு பொருளிலுள்ள மின்னூட்ட ஊர்திகளின், அதாவது மின்சாரத்தைச் சுமந்து செல்லும் எலக்ட்ரான்கள் அல்லது துளைகளின், செறிவைப் பொறுத்தது. செறிவு பத்து சதவீதம் கூடினால் அந்த 200 ஏறத்தாழ பத்து மைக்ரோவோல்ட் குறைந்துவிடும். இதை வேதிக் கலவையின் கண்ணோட்டத்தில் பார்த்தால்தான் இதன் கூர்மை விளங்கும். ஈய டெல்லுரைடில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் ஏறத்தாழ 3 × 10²² அணுக்கள் இருக்கின்றன. வெப்பமின் பயன்பாட்டுக்கு உகந்த ஊர்திச் செறிவு 10¹⁹ அளவில் இருக்கிறது. அதாவது மூவாயிரம் அணுக்களுக்கு ஒரு ஊர்தி. எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு இணைந்த எக்ஸ் கதிர் நிறமாலைமானி ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலேயே திணறத் தொடங்கிவிடும் என்பதால், ஊர்திகளின் செறிவை மாற்றச் சிறிதளவு வேற்றுத் தனிமம் கலக்கும் மாசூட்டலில் உள்ள ஏற்றத்தாழ்வு அதன் பார்வைக்குப் படுவதே இல்லை. நுண்ணோக்கிப் படத்தில் குறையேதும் இல்லாமல் சீராகத் தெரியும் ஒரு வில்லை (பொருளின் வட்டத் துண்டு), சீபெக் படத்தில் பட்டை பட்டையாகத் தெரிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்த யோசனை புதிதன்று. சூடான சால்டரிங் அயர்ன் முனையைக் குறைக்கடத்தித் துண்டின் மீது வைத்து, மல்டிமீட்டரின் குறி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து என்-வகையா (ஊர்தி எலக்ட்ரான்) பி-வகையா (ஊர்தி துளை) என்று சொல்லும் சோதனையைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்யாதவர்கள் குறைவு. அதையே நகரும் ஊசியாக மாற்றிக் குறைக்கடத்திகளின் சீபெக் கெழுவை விரைவாக வருடிப் பார்க்கும் அமைப்பை கவுல்ஸ், டான்சி என்ற இருவர் 1962-லேயே விவரித்திருக்கிறார்கள். கொலோனில் நடந்தது அந்த யோசனையை நம்பகமான அளவீடாக மாற்றும் வேலை. அங்கே சூடான முனையிலிருந்து குளிர்ந்த முனைவரை மாசூட்டலைப் படிப்படியாக மாற்றிய ஈய டெல்லுரைடுத் துண்டுகளைச் செய்துகொண்டிருந்தார்கள். நினைத்த படிநிலை உண்மையிலேயே அமைந்திருக்கிறதா என்று பார்க்க அவர்களுக்கு ஒரு கண் தேவைப்பட்டது. வேண்டுமென்றே உருவாக்கிய ஏற்றத்தாழ்வைப் பார்க்கப் பிறந்த கருவி, பின்னர் வேண்டாத ஏற்றத்தாழ்வுகளைக் காட்டிக்கொடுப்பதில் பெயர் பெற்றது.

கருவியின் முன் நின்று பார்த்தால் அதில் ஆடம்பரம் ஒன்றும் இல்லை. கனத்த மேசையின் மீது மூன்று திசைகளிலும் மைக்ரோமீட்டர் அளவில் நகரும் இருக்கை, அதன் மேல் செம்புப் பிடியில் இறுக்கிய மாதிரி, மேலே கீழ்நோக்கிய ஓர் ஊசி. ஊசியைச் சுற்றிலும் சிறு சூடேற்றி. முனைக்குச் சற்று மேலே செம்புக் கம்பியும் கான்ஸ்டன்டன் என்ற செம்பு-நிக்கல் கலப்புலோகக் கம்பியும் சேர்ந்த வெப்பநிலை உணரி, அதாவது செம்பு-கான்ஸ்டன்டன் தெர்மோகப்பிள். மாதிரியைப் பிடித்திருக்கும் செம்பிலும் இன்னொரு செம்பு-கான்ஸ்டன்டன் தெர்மோகப்பிள் இருக்கிறது. ஸ்கேனைத் தொடங்கியதும் ஊசி இறங்குகிறது, தொட்டதைத் தொடுவுணரி தெரிவித்ததும் நிற்கிறது, ஓரிரு வினாடி பொறுத்து மின்னழுத்தங்களைப் பதிந்துகொள்கிறது, மேலேறுகிறது, தொட்டபோது இழந்த வெப்பத்தைத் திரும்பப் பெறும்வரை காத்திருந்து அடுத்த புள்ளிக்கு நகர்கிறது. ஒரு புள்ளிக்கு நான்கு முதல் இருபது வினாடி வரை பிடிக்கும். முதல் முறை பார்ப்பவர்கள் சற்று நேரம் ரசிப்பார்கள்; பிறகு காப்பி குடிக்கப் போய்விடுவார்கள்.

அளவிடும் முறையில் உள்ள நேர்த்தியைத் தனியே பாராட்ட வேண்டும். வெப்பநிலையை ஒரு மீட்டரிலும் மின்னழுத்தத்தை வேறொரு மீட்டரிலும் அளந்து வகுப்பதற்குப் பதிலாக, இரண்டு தெர்மோகப்பிள்களின் செம்புக் கம்பிகளுக்கிடையே ஒரு மின்னழுத்தமும் கான்ஸ்டன்டன் கம்பிகளுக்கிடையே இன்னொரு மின்னழுத்தமும் அளக்கப்படுகின்றன. முதலாவது, மாதிரிக்கும் செம்புக்கும் உள்ள சீபெக் வேறுபாட்டை வெப்பநிலை வேறுபாட்டால் பெருக்கிய மதிப்பு. இரண்டாவது, மாதிரிக்கும் கான்ஸ்டன்டனுக்கும் உள்ள வேறுபாட்டை அதே வெப்பநிலை வேறுபாட்டால் பெருக்கியது. இரண்டையும் கழித்தால் மாதிரியே கணக்கிலிருந்து விலகி, செம்பு-கான்ஸ்டன்டன் இணையின் ஏறத்தாழ 40 மைக்ரோவோல்ட் என்ற நன்கறிந்த மதிப்பும் வெப்பநிலை வேறுபாடும் மட்டும் எஞ்சுகின்றன. ஆகவே இறுதி விடை இரண்டு மின்னழுத்தங்களின் விகிதமாக வருகிறது. மின்பெருக்கியின் பெருக்கத்தில் ஒரு சதவீதப் பிழை இருந்தால்கூட மேலும் கீழும் அடிபட்டுப் போகும். 200 மைக்ரோவோல்ட் மாதிரியில் ஐந்து கெல்வின் வேறுபாட்டுக்குச் செம்புப் பக்கத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட் கிடைக்கும் என்பதால், இரைச்சலைப் பற்றியும் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

மாதிரி தயாரிப்பைப் பற்றி விவரத்தாள்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. உண்மையில் கிடைக்கும் படத்தின் தரத்தில் பாதிக்கு மேல் அங்கேதான் முடிவாகிறது. ஸ்பார்க் பிளாஸ்மா முறையில், அதாவது மின்னோட்டத்தால் சூடேற்றி, அழுத்திச் சுட்ட வில்லையின் மேற்பரப்பில் கிராஃபைட் அச்சிலிருந்து வந்த கரி ஒட்டியிருக்கும். அதற்குக் கீழே கரியோடு வினைபுரிந்த மெல்லிய அடுக்கும் இருக்கும். இரண்டையும் எமரி தாளில் தேய்த்து எடுத்துவிட்டு, வைரப் பசையில் மெருகேற்றி, ஆல்கஹாலில் கழுவிய பின்னரே ஊசிக்குக் கீழே வைக்க வேண்டும். மெருகேற்றாமல் வைத்தால் ஊசி ஒரு புள்ளியில் மேட்டிலும் அடுத்த புள்ளியில் பள்ளத்தின் சரிவிலும் உட்காரும். தொடுபரப்பு புள்ளிக்குப் புள்ளி மாறும். படத்தில் தெரிவது பொருளின் குணம் ஆகாமல், தேய்த்த கோடுகளின் திசையாகிவிடும். மக்னீசியம் சேர்ந்த சிலிசைடுகளில் காற்றுப்பட்டதும் ஆக்சைடு படலம் உண்டாவதால், மெருகேற்றிய அன்றே ஸ்கேனைத் தொடங்கிவிடுவது நல்லது. மாதிரியைப் பிடிக்கும் விதமும் அதே அளவுக்கு முக்கியம். மாதிரிக்கும் செம்புக்கும் இடையே வெப்பத் தொடர்பு சரியில்லாவிட்டால், ஸ்கேன் நீள நீள மாதிரி முழுவதும் மெல்லச் சூடேறி, தொடங்கிய மூலைக்கும் முடிந்த மூலைக்கும் இடையே இல்லாத ஒரு சரிவைப் படத்தில் காட்டும். நாங்கள் வழக்கமாக வெள்ளிப் பசையைத் தொட்டுப் பிடிக்குள் வைத்து இறுக்குகிறோம். ஸ்கேன் முடிந்ததும் தொடங்கிய வரியையே மறுபடி ஒரு முறை ஓட்டிப் பார்த்து, இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் படத்தை ஏற்கிறோம். இந்த மறுஓட்டத்தை எந்தக் கையேடும் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும், இதைச் செய்யாத படத்தை நான் நம்புவதில்லை.

இவ்வளவும் சரியாக அமைந்தால் கிடைக்கும் படம், கருவிக்காகக் கொடுத்த விலையை நியாயப்படுத்தும். ஒரே திசையில் மெல்ல உறைய வைத்த கட்டியின் நீளவாக்கில், மாசூட்டும் தனிமம் திண்மத்தை விட்டு உருகிய பகுதிக்குள் ஒதுங்கிக்கொண்டே போனதன் சுவடு, சீரான சரிவாகத் தெரியும். மாங்கனீசு மிகு சிலிசைடில் படிகம் வளரும்போது உண்டாகும் மாங்கனீசு மோனோசிலிசைடுப் பட்டைகள், சுற்றியுள்ள பொருளைவிட மிகக் குறைந்த சீபெக் மதிப்புள்ள கோடுகளாகத் துண்டாகத் தெரியும். எந்த மதிப்பு எத்தனை புள்ளிகளில் வந்தது என்று காட்டும் ஹிஸ்டோகிராமை மட்டும் பார்த்தாலே பல கதைகள் விளங்கும்: ஒற்றைக் குறுகிய சிகரம் என்றால் பொருள் சீராக இருக்கிறது, இரண்டு சிகரங்கள் என்றால் அமைப்பில் வேறுபட்ட இரண்டு கட்டங்கள் (phases) தனித்தனியே நிற்கின்றன, ஒரு பக்கம் நீண்ட வால் என்றால் உறைதலின்போது பிரிதல் நடந்திருக்கிறது. சராசரியைவிட அந்த வாலைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இந்தக் கருவி துறைக்கே ஒரு பாடம் நடத்திய சந்தர்ப்பமும் உண்டு. வெள்ளி, ஈயம், ஆன்டிமனி, டெல்லூரியம் நான்கும் சேர்ந்த ‘லாஸ்ட்’ வகைப் பொருளுக்கு 800 கெல்வினில் 2.2 என்ற தகுதியெண் (வெப்பத்தை மின்சாரமாக்கும் திறனுக்கான அளவுகோல்) 2004-இல் அறிவிக்கப்பட்டபோது, ஒன்றைத் தாண்டுவதே பெரும் பாடாக இருந்த துறையில் அது பெரும் பரபரப்பை உண்டாக்கியது. எல்லோரும் அதைத் தம் ஆய்வகத்தில் செய்துபார்க்கப் புறப்பட்டார்கள். ஒருவருக்கு வந்தது இன்னொருவருக்கு வரவில்லை. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கால்டெக் கல்விநிறுவனமும் கொலோன் டி.எல்.ஆரும் சேர்ந்து அந்த வகைப் பொருளின் கட்டிகளைச் சீபெக் ஊசியால் வருடி, மில்லிமீட்டர் அளவிலேயே குணங்கள் இடத்துக்கு இடம் மாறுகின்றன என்று வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட கட்டியில் சீபெக் கெழுவை ஒரு துண்டிலும் மின்கடத்துதிறனை அடுத்த துண்டிலும் வெப்பக்கடத்துதிறனை வேறொரு வில்லையிலும் அளந்து மூன்றையும் ஒரே சூத்திரத்தில் போட்டால், வரும் எண்ணுக்குச் சொந்தமான பொருள் எங்குமே இருக்காது. அறிவிப்பு தவறு என்பதல்ல இதன் பொருள். எண்ணோடு ஒரு படமும் இருந்திருந்தால் எத்தனையோ பேரின் உழைப்பு மிஞ்சியிருக்கும்.

இனி குறைகளுக்கு வருவோம். முதலாவதும் பெரிதுமானது, பிரிதிறன், அதாவது எவ்வளவு சிறிய இடத்தைத் தனியாகப் பார்க்க முடியும் என்பது, பற்றிய எதிர்பார்ப்பு. இந்தக் கருவிக்குப் பத்து மைக்ரோமீட்டர் என்று சொல்லப்படுவதை, பத்து மைக்ரோமீட்டர் அளவுள்ள துகளின் சீபெக் கெழுவை அப்படியே அளந்து தரும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். சூடான ஊசி ஐந்து மைக்ரோமீட்டர் ஆரமுள்ள அரைக்கோளமாகப் பரப்பில் பதிந்திருக்கிறது என்று கொள்வோம். மாதிரிக்குள் மிகை வெப்பநிலை, மையத்திலிருந்து உள்ள தொலைவுக்கு நேர்மாறாகக் குறையும். மையத்திலிருந்து பத்து மைக்ரோமீட்டரில் அது பாதியாகிவிடும்; ஐம்பது மைக்ரோமீட்டரில் இன்னும் பத்தில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும். மின்னழுத்தம் வெப்பநிலைச் சரிவு எங்கே இருக்கிறதோ அங்கே பிறப்பது என்பதால், காட்டப்படும் மதிப்பில் பாதி அந்தச் சிறு வட்டத்திலிருந்தும், மீதி பாதி அதைச் சுற்றியும் அதன் கீழேயும் உள்ள, கண்ணுக்குத் தெரியாத பகுதியிலிருந்தும் வருகிறது. பொருளுக்குள் பிரிந்து நிற்கும் மூன்று மைக்ரோமீட்டர் துகளான வீழ்படிவு ஒன்றின் மீது ஊசி சரியாகப் போய் உட்கார்ந்தாலும், வருவது வீழ்படிவும் சுற்றுப்புறமும் கலந்த மதிப்புதான். பரப்புக்குச் சற்றுக் கீழே மறைந்திருக்கும் விரிசலும் இப்படித்தான் படத்துக்குள் நுழைந்துவிடும். நானோ அமைப்புகளைப் பார்க்கலாம் என்று எண்ணி வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். நூறு மைக்ரோமீட்டர் முதல் சில மில்லிமீட்டர் வரையுள்ள ஏற்றத்தாழ்வுக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது குறை, தனி மதிப்பின் (புள்ளிகளுக்கிடையேயான வேறுபாடு அல்ல, அந்த எண்ணின்) துல்லியம். தெர்மோகப்பிள் ஊசியின் நுனியில் இல்லை, சற்று மேலே இருக்கிறது. ஊசியிலிருந்து மாதிரிக்குள் வெப்பம் பாயும்போது அந்தச் சிறு இடைவெளியிலும் தொடுபரப்பிலும் வெப்பநிலை சற்று இறங்கிவிடுகிறது. மாதிரி உண்மையில் உணரும் வேறுபாட்டைவிடக் கருவி கணக்கில் எடுத்துக்கொள்ளும் வேறுபாடு பெரிதாக இருக்கிறது. விளைவாகச் சீபெக் கெழு எப்போதும் சற்றுக் குறைவாகவே வரும். மாதிரியின் வெப்பக்கடத்துதிறன் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு வெப்பம் பாயும், அவ்வளவு பிழையும் கூடும். பிஸ்மத் டெல்லுரைடு போன்ற, வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும் பொருளில் இது பொறுத்துக்கொள்ளத் தக்கது; குறைக்கடத்திகளுக்கு மூன்று சதவீதம், உலோகங்களுக்கு ஐந்து சதவீதம் என்று சொல்லப்படும் துல்லியத்தின் பின்னணியும் இதுவே. உலோகங்களில் கிடைக்கும் மின்னழுத்தமே சிறியது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: கெல்வினுக்குப் பத்து மைக்ரோவோல்ட் தரும் உலோகத்தில் ஐந்து கெல்வினுக்கு ஐம்பது மைக்ரோவோல்ட்தான் கிடைக்கும், கம்பி இணைப்பு எதிலாவது ஒரு மைக்ரோவோல்ட் ஒட்டுண்ணியாக ஏறினால் அதுவே இரண்டு சதவீதம்.

ஆகவே இந்தக் கருவி தரும் சராசரியைக் கட்டுரையில் தனி மதிப்பாக எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், பிஸ்மத் டெல்லுரைடால் ஆன சீபெக் தரமாதிரி ஒன்றை 10 முதல் 390 கெல்வின் வரையிலான சான்றளித்த மதிப்புகளோடு வெளியிட்டிருக்கிறது. அத்தகைய மாதிரியையோ, குறைந்தபட்சம் சீரான கான்ஸ்டன்டன் தகட்டையோ ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்பும் பின்பும் தொட்டுப் பார்த்து, எவ்வளவு குறைவாகக் காட்டுகிறது என்பதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். ஊசி தேய்ந்து மழுங்கிவருவதையும் இந்தப் பழக்கம் முன்கூட்டியே காட்டிவிடும். தனி மதிப்புக்கு இசட்.இ.எம்.-3 போன்ற முழுத்துண்டுக் கருவிகளையும், அந்த மதிப்பு துண்டு முழுவதற்கும் பொருந்துமா என்பதற்கு இந்த ஊசியையும் பயன்படுத்துவதே சரியான வேலைப் பிரிவினை.

நேரம் மூன்றாவது குறை. இதில் கருவியைக் குறை சொல்வதைவிட நம் பேராசையைக் குறை சொல்வது பொருந்தும். பத்து மில்லிமீட்டருக்குப் பத்து மில்லிமீட்டர் பரப்பை ஐம்பது மைக்ரோமீட்டர் இடைவெளியில் வருடினால் ஏறத்தாழ 40,000 புள்ளிகள்; புள்ளிக்கு ஐந்து வினாடி என்று கொண்டாலும் இரண்டு நாளுக்கு மேல் ஆகும். இடைவெளியைப் பத்து மைக்ரோமீட்டராகக் குறைத்தால் பத்து லட்சம் புள்ளிகள், ஏறத்தாழ இரண்டு மாதம். அதற்குள் அறையின் குளிர்சாதனம் எத்தனை முறை நின்று ஓடும் என்பதை நம் ஊர் ஆய்வகங்களில் வேலை செய்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முதலில் கால் மில்லிமீட்டர் இடைவெளியில் முழுப் பரப்பையும் வருடி, சந்தேகத்துக்குரிய இடத்தை மட்டும் நெருக்கமாகப் பார்ப்பதே நடைமுறைக்கு ஒத்து வரும்.

கருவியின் பெயரிலுள்ள ‘பொட்டன்ஷியல்’ என்ற பகுதிக்கு வருவோம். என் கணிப்பில் பலரும் கவனிக்காமல் விட்டுவிடும் அருமையான வசதி இதுதான். மாதிரியின் இரு முனைகளிலும் சிறு மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தி, ஊசியை நீளவாக்கில் நகர்த்திக்கொண்டே மின்னழுத்தத்தை அளந்தால், பொருளுக்குள் அது சீரான சாய்கோடாக இறங்கும். பொருளும் மின்முனையும் சேரும் இடத்தில் தொடுமின்தடை இருந்தால் அங்கே செங்குத்தாக ஒரு படி விழும். அந்தப் படியின் உயரத்தை மின்னோட்டத்தால் வகுத்துப் பரப்பால் பெருக்கினால் தொடுமின்தடை கிடைத்துவிடும். நேர்மின்னோட்டத்தைத் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு: அது ஓடும்போது, சீபெக் விளைவின் மறுதலையான பெல்டியர் விளைவால் ஒரு முனை சூடாகி மறுமுனை குளிர்ந்து, அதனால் எழும் சீபெக் மின்னழுத்தம் அளவீட்டோடு கலந்துவிடும்.

தொடுமின்தடை எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். பக்கத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் உள்ள சதுரக் குறுக்குவெட்டும் இரண்டு மில்லிமீட்டர் உயரமும் கொண்ட பிஸ்மத் டெல்லுரைடுக் கால் (மாட்யூலில் நிற்கும் சிறு தூண்) ஒன்றின் தடைத்திறன் ஒரு மில்லிஓம் சென்டிமீட்டர் என்றால், காலின் மின்தடை ஐந்து மில்லிஓம். நல்ல தொடுகை என்று துறையில் ஏற்கப்படும் பத்து மைக்ரோஓம் சதுர சென்டிமீட்டர் இருந்தாலே ஒவ்வொரு முனையிலும் கால் மில்லிஓம், இரண்டு முனைக்கும் சேர்த்து அரை மில்லிஓம் ஆகிறது. பொருளின் மின்தடையில் பத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. சால்டர் சரியாக ஒட்டாத மூலை ஒன்றில் இது பல மடங்காகலாம். இத்தகைய கால்கள் பலவற்றை இணைத்துச் செய்த மாட்யூல் முழுவதன் மின்தடையை அளந்தால் எங்கே போயிற்று என்று தெரியாது. ஊசி ஒவ்வொரு மூலையாகத் தொட்டுக் காட்டிக்கொடுக்கும். வெப்பமின் மாட்யூல் செய்பவர்கள் சீபெக் படத்துக்காக அல்லாமல் இந்த ஒரு வசதிக்காக மட்டுமே இக்கருவியை வைத்துக்கொள்ளலாம். இதே கோட்டின் சாய்விலிருந்து உள்ளூர் மின்கடத்துதிறனையும் கணக்கிடலாம் என்றாலும், அது மின்னோட்டம் குறுக்குவெட்டு முழுவதும் சீராகப் பரவியிருப்பதாகக் கொண்டு செய்யும் கணக்கு. எந்தப் பொருளில் ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்று சந்தேகப்பட்டு வருடுகிறோமோ அந்தப் பொருளில்தான் மின்னோட்டம் சீராக இருக்காது. மாறுதல் நீளவாக்கில் மட்டுமே உள்ள மாதிரிகளைத் தவிர மற்றவற்றில் இந்தக் கடத்துதிறன் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம்.

சீபெக் வருடலையும் மின்னழுத்த வருடலையும் ஒரே மாதிரியில் ஒரே வரியில் செய்ய முடிவதன் பலன், மின்முனை ஆய்வில் தெளிவாகத் தெரிகிறது. மக்னீசியம் சிலிசைடு-ஸ்டானைடு பொருளுக்கு வெள்ளியை மின்முனையாக வைத்துக் கொலோன் குழுவினர் செய்த ஆய்வுகள் நல்ல உதாரணம். தொடுமின்தடை குறைவாகத்தான் இருந்தது. மின்னழுத்தக் கோட்டை மட்டும் பார்த்திருந்தால் வெற்றி என்று எழுதி முடித்திருப்பார்கள். சீபெக் வருடலில், என்-வகைப் பொருளுக்குள் மின்முனையிலிருந்து உள்நோக்கி மதிப்பு மாறியிருப்பது தெரிந்தது. வெள்ளி உள்ளே பரவி எலக்ட்ரான் செறிவைக் குறைத்திருந்தது. பி-வகையில் அந்தச் சிக்கல் எழவில்லை. ஒட்டிய இடம் நன்றாக இருந்தும் ஒட்டப்பட்ட பொருள் கெட்டிருந்தது என்ற இந்தச் செய்தியை வேறு எந்தக் கருவி இவ்வளவு எளிதாகத் தந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அளவீடு அறை வெப்பநிலையில் நடக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. ஈய டெல்லுரைடு வேலை செய்வது ஐந்நூறு டிகிரி செல்சியஸ் பக்கம். வாயேஜர் விண்கலங்களில் 1977 முதல் மின்சாரம் தந்துவரும் சிலிக்கான்-ஜெர்மானியம் அதைவிட இரு மடங்குக்கு அருகில். அறை வெப்பநிலையில் பட்டைகளாகத் தெரியும் வேறுபாடு அங்கே மங்கியும் போகலாம், பெரிதாகவும் ஆகலாம். கெட்டதைக் கண்டுபிடிக்க அறை வெப்பநிலைப் படம் போதும்; சூட்டில் எப்படி நடந்துகொள்ளும் என்று அதிலிருந்து ஆரூடம் சொல்ல முடியாது. வெப்பக்கடத்துதிறனையும் இது நேரடியாகத் தருவதில்லை. அதற்குப் பரப்பின் மீது லேசர் பாய்ச்சி ஒளித்தெறிப்பு மாற்றத்தை அளக்கும் முறைகளிடம்தான் போக வேண்டும். நானோமீட்டர் அளவில் சீபெக் கெழு வேண்டும் என்பவர்களுக்கு மீவெற்றிடத்தில் இயங்கும் வருடு சுரங்க நுண்ணோக்கி (எஸ்.டி.எம்.) முறை இருக்கிறது. காலியம் ஆர்சனைடு பி-என் சந்தியைக் குறுக்கே அளந்து 2004-இல் அது செய்துகாட்டப்பட்டது. ஆனால் அது ஒரு மாதிரிக்கு ஒரு முனைவர் பட்டம் கேட்கும் வேலை; திங்களன்று அறுத்த துண்டுக்கு வியாழனன்று பதில் வேண்டும் என்றால் பொருந்தாது.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மாதத்துக்கு இரண்டு மூன்று வில்லைகள் மட்டும் செய்து சூத்திரங்களைச் சோதிக்கும் குழுவுக்குச் சொந்தமாக ஒன்று தேவையில்லை. கருவி உள்ள ஆய்வகத்தில் நேரம் கேட்டு, கால் மில்லிமீட்டர் இடைவெளிப் படம் ஒன்றை வாங்கிக் கட்டுரையில் சேர்த்தாலே போதும். கட்டி கட்டியாக உருக்கி மாட்யூல்வரை செய்யும் இடத்தில் இது இல்லாமல் வேலை செய்வது வீண் செலவு. மெருகேற்றும் வசதியும், அறையின் வெப்பநிலையைக் கட்டுக்குள் வைக்கும் வசதியும், நடுக்கம் தாங்கும் மேசையும் இல்லாத இடத்தில் வாங்கினால் அந்த மூன்றும் வந்து சேரும்வரை பெட்டியிலேயே இருக்கும். ஆகவே விலைப்புள்ளி கேட்கும்போதே அவற்றின் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மாற்று ஊசிகளின் விலையையும்.